பையில் மிஞ்சிய தண்ணீர்

மார்ட்டின் கீலி தனியாக வந்து சேர்ந்த காலையில் கெசியா அடுப்புக்குள் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். மணி ஏழுகூட ஆகவில்லை. அதற்குள் தகரக் கூரையில் கை வைக்க முடியாதபடி சுட்டது.

அங்கே ஏரி என்பது பேருக்குத்தான். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையாக உப்புச் சேறு. சேற்றில் குழி பறித்து, கடலைவிடக் கரிக்கும் தண்ணீரை இறைத்து, இரண்டு இரும்புத் தொட்டிகளில் ஊற்றி, நாள் முழுக்க எரிக்க வேண்டும். ஆவி நீளமான குழாய்க்குள் போய்க் குளிர்ந்து மறுமுனையில் சொட்டும். அந்தச் சொட்டை நம்பித்தான் முப்பத்திரண்டாம் மைல் என்ற, தங்கம் தோண்டும் அந்தக் காட்டில் எண்பது பேர் உயிரோடு இருந்தார்கள். கெசியாவின் புருஷன் ஏனாக் ட்ரெவின் விறகு வெட்டுவான். நாலு வெட்டு வெட்டினால் இருமல் வந்து உட்கார்ந்துவிடுவான். சுரங்கத் தூசி நெஞ்சில் தங்கிப்போன ஆள். அதனால் தண்ணீர் அளக்கிற குழாய்த் திருகு கெசியாவின் கையில்தான்.

வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கிழக்கே புதருக்குள்ளிருந்து ஒரு உருவம் ஆடி ஆடி வந்தது. முதலில் கிரிபிள்தான் பார்த்தான். அவன் காற்றில் மண் தூற்றித் தங்கம் எடுப்பவன். அவன் வாய் அந்தக் காடு முழுக்கப் பிரசித்தம்.

"அது கீலி மாதிரி இருக்கே. சைலஸைக் காணோம்?"

கெசியா நிமிர்ந்தாள். சைலஸ் பென்ரோஸ் அவளுடைய தம்பி, ஒரே தம்பி. ஆறு வாரத்துக்கு முன்னால் அவனும் கீலியும் ஒரு குதிரையில் மூட்டை ஏற்றித் தங்கம் தேடிக் கிழக்கே போனார்கள். இப்போது வருகிறவன் பக்கத்தில் ஆளும் இல்லை, குதிரையும் இல்லை.

கீலி கிட்டே வந்து தொப்பியைக் கழற்றினான். உதடு வெடித்துக் கறுத்திருந்தது. அவன் தொப்பியைக் கழற்றியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"காய்ச்சல், மிஸஸ்," என்றான். "மூணு நாள்ல போயிட்டான். நல்லபடியா அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தேன்."

வரிசையில் நின்றவர்களும் தொப்பியை எடுத்தார்கள். அந்த வருஷம் அவர்கள் தொப்பியை எடுப்பது எத்தனையாவது தடவையோ. கோடை தொடங்கியதிலிருந்து காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டேதான் இருந்தார்கள். கூடாரத்துக்குள் கிடந்தவனை மூன்றாம் நாள் பக்கத்துக் கூடாரத்துக்காரன் கண்டுபிடிப்பான். பிராந்திப் பெட்டிப் பலகை கிடைத்தால் சவப்பெட்டி, இல்லாவிட்டால் போர்த்திய கம்பளியே போதும். பேர் தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதி ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் தலைமாட்டில் வைப்பார்கள். தெரியாவிட்டால், 'சிவப்புத் தாடி, முன்பல் ஒன்று இல்லை' என்று எழுதி வைப்பார்கள். எந்தத் தாயாவது என்றைக்காவது தேடி வந்தால் அடையாளம் சொல்லட்டும் என்றுதான்.

கெசியா அழவில்லை. கையிலிருந்த கட்டையை அடுப்புக்குள் சரியாகத் தள்ளிவிட்டு, "குதிரை என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"அது தாகத்துல விழுந்துருச்சு. அதுக்கு அப்புறம் அறுபது மைலும் நடைதான்."

கிரிபிள் அவன் தோளிலிருந்த தண்ணீர்ப் பையை இறக்கிவிடக் கை கொடுத்தான். நல்ல எண்ணத்தோடுதான் கொடுத்தான், பாவம். கித்தான் பை கைக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. பையை மெல்ல ஆட்டினான். உள்ளே தளும்பும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"குதிரைக்குத் தாகம். சைலஸுக்குக் காய்ச்சல். அறுபது மைல் நடந்து வந்திருக்க, பையில கால்வாசி தண்ணி. உனக்கு மட்டும் தனியா மழை பேஞ்சுதா மாப்ள?"

கீலி பையைப் பிடுங்கவில்லை. உட்கார இடம் தேடுகிறவனைப் போலச் சுற்றிப் பார்த்தான். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை.

*

அன்று வெயில் தாழ்ந்ததும் கிரிபிளும் இன்னும் மூன்று பேரும் ட்ரெவின் குடிசை வாசலில் வந்து நின்றார்கள். கெசியா சாம்பலில் சுட்ட ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏனாக் தகர டப்பா இறைச்சியைத் திறந்து, முகர்ந்து, முகத்தைச் சுளித்து, மறுபடி முகர்ந்தான்.

"போலீஸ்காரன் நூறு மைலுக்கு அப்பால இருக்கான் தாயீ," என்றான் கிரிபிள். "அவன் வந்து விசாரிக்கிறதுக்குள்ள இவன் துறைமுகம் போயிருவான். நாங்க பேசி முடிச்சுட்டோம். நாளையிலேர்ந்து கீலிக்கு நீ தண்ணி ஊத்தக் கூடாது. வாயைத் தொறந்து உண்மையைச் சொல்லட்டும். இல்லேன்னா நடக்கட்டும்."

"நடந்தா எங்க போவான்? அடுத்த தண்ணி நாப்பது மைல்," என்றான் ஏனாக்.

"தெரியும்ல. அதுக்குத்தான்."

"அவன் கேட்டா நீங்க யாரும் குடுக்க மாட்டீங்களா?"

"எங்க தண்ணி எங்க வாய்க்கே பத்தல. முடிவு உன் பொண்டாட்டி கையில. அவ தம்பி, அவ குழாய்."

கெசியா ரொட்டியிலிருந்து சாம்பலை ஊதிக்கொண்டே, "பையை எங்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

கிரிபிள் அதைக் கையோடு கொண்டு வந்திருந்தான். சாட்சிப் பொருளாம். அவர்கள் போனதும் கெசியா அந்தத் தண்ணீரில் கொஞ்சத்தைக் குவளையில் சாய்த்து வாயில் வைத்தாள். இரண்டு வருஷமாகத் தண்ணீர் காய்ச்சுகிறவள். தன் தொட்டித் தண்ணீர் என்றால் இரும்பு நாக்கில் ஒட்டும். அடுத்த ஏரியில் காய்ச்சுகிறவன் தண்ணீர் என்றால் ஈயம் பூசிய வாடை. மழைத் தண்ணீர் என்றால் ஒரு ருசியும் இருக்காது. இது அப்படியெல்லாம் இல்லை. குளிர்ந்த கல்லை நக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, அடியில் இலை மக்கின ருசியோடு இருந்தது.

"இது மண்ணுக்குள்ளேர்ந்து வந்த தண்ணி," என்றாள்.

"கிழக்க ஊத்து எதுவும் இல்லையே புள்ள."

"நமக்குத் தெரிஞ்சு இல்ல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நல்ல தண்ணி இருக்கிற இடத்துல குதிரை ஏன் தாகத்துல சாகுது? என் தம்பிக்குக் காய்ச்சல்னா, தண்ணியைக் குடிச்சுக்கிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்திருக்க மாட்டானா?"

ஏனாக் இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நீ ஊத்தலேன்னா அவனைக் கொன்னது நீயாயிருவ," என்றான் அவன் மெதுவாக. "ஊத்துனா, சைலஸ் எப்படிச் செத்தான்னு கேக்காமலே விட்ட மாதிரி ஆயிரும். ஊத்துன்னு நான் சொல்லல. ஊத்தாதேன்னும் சொல்லல."

"இதைச் சொல்றதுக்குத்தானா இவ்வளவு இருமுன?"

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் கீலியின் கூடாரத்துக்குப் போனாள். ஒரு குவளை தண்ணீரை அவன் முன்னால் வைத்தாள். ஒரே ஒரு குவளைதான்.

"இது இன்னிக்கு. நாளைக்கு ஊத்தணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். என் தம்பி கிடக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"வேணாம் மிஸஸ். அங்க பாக்க ஒண்ணுமில்ல."

"என் தம்பி இருக்கான்ல."

கீலி குவளையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவனை இப்படியே விட்டுருங்களேன்," என்றான்.

அந்தப் பதில்தான் அவளைக் கிளப்பியது. குற்றம் செய்யாதவன் இப்படிக் கெஞ்ச மாட்டான் என்று தோன்றியது.

*

ஒட்டகக்காரன் குல்ஷேர் சரக்கு இறக்கிவிட்டு இரண்டு நாளாகச் சும்மா இருந்தான். குழாய்த் திருகை ஏனாக்கிடம் விட்டுவிட்டு, குல்ஷேரின் மூன்று ஒட்டகத்தில் கிளம்பினார்கள். நாளைய தண்ணீர் அவள் கையில் என்பதால் கீலியும் வழி காட்ட ஏறிக்கொண்டான். ஒரு பீப்பாய் தண்ணீர், இரண்டு பை, மாவு, தேயிலை. கிரிபிள் ஒரு துப்பாக்கியைக் கொண்டு வந்து கெசியாவிடம் நீட்டினான்.

"ராத்திரி இவன் பக்கம் முதுகு காட்டிப் படுக்காத தாயீ."

"எந்தப் பக்கம் படுத்தாலும் குறட்டை விடுவேன், போ," என்றாள். ஆனாலும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் முழுக்கக் கீலி பத்து வார்த்தை பேசவில்லை. தரை சிவப்பாக இருந்தது. முள்ளுப் புதரும் சாம்பல் நிற மரமும் மாறி மாறி வந்தன. மதியம் நிழலில் இறங்கினால் ஈ மொய்க்கும், ஏறினால் வெயில் அடிக்கும். அவன் எங்கே பார்க்கிறான், எதைத் தொடுகிறான் என்று கெசியா கணக்காகக் கவனித்துக்கொண்டே வந்தாள். சைலஸின் கத்தி அவன் இடுப்பில் இருந்தது. சைலஸின் பூட்ஸ் அவன் காலில் இல்லை. கத்தியை எடுத்தவன் பூட்ஸை ஏன் விட்டான்? அதையும் மனசில் போட்டு உருட்டினாள்.

இரண்டாம் நாள் மதியம் பீப்பாய் விழுந்தது. ஒட்டகம் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது வார் அறுந்து, பீப்பாய் கல்லில் மோதிப் பலகை பிளந்தது. மூன்று பேரும் ஓடி வருவதற்குள் மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. ஈரத்தடம்கூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

கெசியா குனிந்து வாரின் முனையை எடுத்துப் பார்த்தாள். பாதி நார் நாராக இருந்தது. பாதி நேராக அறுத்த மாதிரி இருந்தது.

"பழைய தோல், பீபீ," என்றான் குல்ஷேர். "என் தப்பு. போன மாசமே மாத்தியிருக்கணும்."

"இந்தப் பக்கம் கத்தி பட்ட மாதிரி இருக்கே."

கீலி அவளைப் பார்த்தான். இடுப்பிலிருந்த கத்தியை உருவி, பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினான். "வச்சுக்குங்க," என்றான். "அவன் கத்திதான். உங்ககிட்ட குடுக்கத்தான் எடுத்துட்டு வந்தேன். குடுக்குற நேரம் வாய்க்கல."

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் சந்தேகம் கத்தியோடு கை மாறிவிடுமா என்ன.

"திரும்பிரலாம் பீபீ," என்றான் குல்ஷேர். "ரெண்டு பைதான் இருக்கு."

"முன்னால போனாதான் தண்ணி கிட்ட," என்றான் கீலி. கிளம்பியதிலிருந்து தண்ணீர் இருக்கிறது என்று அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்றாம் நாள் காலையில் பைகளும் வற்றின. கெசியாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எச்சில் விழுங்கினால் மணல் விழுங்குவது போல் இருந்தது. கண்ணுக்குள் வெள்ளையாகப் பொறி பறந்தது. இவன் இங்கேயே சுற்றிச் சுற்றி நம்மைச் சாகடிக்கப் போகிறானோ என்று நினைத்தாள். அப்படி நினைக்கக்கூட வாய்க்குள் ஈரம் வேண்டும் போல இருந்தது. துப்பாக்கி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. அது எதற்கு என்பதே கொஞ்ச நேரம் அவளுக்கு மறந்துபோனது.

பத்து மணிக்கு ஒட்டகங்கள் மூக்கைத் தூக்கின. தரையிலிருந்து மொட்டைக் கருங்கல் ஒன்று முதுகு காட்டிக் கிடந்தது. அதன் அடிவாரத்தில் ஒரு குழி. குழியின் அடியில் வானம் தெரிந்தது.

கெசியா ஒட்டகத்திலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. குழிக்குள் முழங்கால் போட்டு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி, பிறகு அள்ளவும் பொறுக்காமல் முகத்தையே தண்ணீருக்குள் வைத்துக் குடித்தாள். மூச்சு முட்டியதும் நிறுத்தினாள், மறுபடியும் குடித்தாள். மோவாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் சொட்டச் சொட்டத் தலையைத் தூக்கினாள்.

நாலு எட்டு தள்ளி ஒரு மேடு இருந்தது. மேலே கல் அடுக்கி, சுற்றிலும் கட்டை நட்டு, தலைமாட்டில் ஒரு பாட்டில் வைத்திருந்தது.

மெல்ல எழுந்து அங்கே போனாள். பாட்டில் தக்கையைப் பல்லால் பிடுங்கிச் சீட்டைப் பிரித்தாள். கீலியின் கையெழுத்து, கோணல் மாணலாக: 'சைலஸ் பென்ரோஸ். மூண்டா ஊர்க்காரன். வயது இருபத்தொன்பது. தாகத்தால் இறந்தான்.'

"எங்ககிட்ட காய்ச்சல்னு சொன்ன."

"உங்ககிட்ட பொய் சொல்லலாம். அவன் தலைமாட்டுல எப்படிப் பொய் எழுதுறது?"

கெசியா திரும்பிக் குழியைப் பார்த்தாள். சுரங்கத்துக்காரன் மகள், சுரங்கத்துக்காரன் பெண்டாட்டி. தோண்டின மண்ணை அவளால் படிக்க முடியும். குழியின் இரண்டு பக்கமும் மண் குவிந்திருந்தது. சைலஸ் இடதுகைக்காரன். மண்வெட்டியை இந்தப் பக்கம்தான் வீசுவான். சின்ன வயசில் அப்பா எத்தனை அடித்தும் அது மாறவில்லை. இந்தப் பக்கக் குவியல் மேல்மண், காய்ந்த சிவப்பு. அந்தப் பக்கக் குவியலில் பாளம் பாளமாக வெள்ளைக் கெட்டி மண்ணும், அதற்கு மேல் ஈரமணலும் கிடந்தன.

"முதல்ல தோண்டுனது என் தம்பி," என்றாள். "அவன் உயிரோட இருக்கிறப்பவே இங்க தோண்டியிருக்கான். அப்புறம் நீ தோண்டியிருக்க. சொல்லு."

கீலி மேட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"குதிரை விழுந்து ரெண்டாம் நாள். ஒரு சொட்டு இல்ல. கல்லுக்கு அடியில தண்ணி நிக்கும்னு அவன்தான் சொன்னான். இடுப்பளவு தோண்டுனான். நான் அந்த நிழல்ல கிடந்தேன். மம்பட்டி டங்குன்னு அடிச்சுது. நான் எழுந்து வந்து பாத்தேன். வெள்ளையா, கெட்டியா. அடிப்பாறை தட்டிருச்சுடா, நிறுத்துன்னு சொன்னேன்."

குல்ஷேர் ஒட்டகங்களைக் குழிப் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்தபடி நின்றான்.

"பதினஞ்சு வருஷமா தங்கத்துக்குத் தோண்டுறேன் மிஸஸ். அடி தட்டிருச்சுன்னா நிறுத்திரணும். அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. அதுதான் தெரியும். இன்னும் ரெண்டு போடு போடுறேன்னான். தெம்பை வீணாக்காதடான்னு மம்பட்டியைப் பிடுங்கி வீசுனேன். அது பாறை இல்ல. ஒரு சாண் மேலோடு."

"அப்புறம் நீ ஏன் அதை உடைச்ச?"

"மறுநாள் காலைல அவன் அசையல. இடுப்பளவு குழின்னா காட்டு நாய் தோண்டிரும். நான் பாத்திருக்கேன். அவனை ஆழமா வைக்கணும்னு உடைச்சேன். எனக்கும் சேத்து அகலமா வெட்டுனேன். முடிச்சதும் அவன் பக்கத்துலயே படுத்துறலாம்னு. தண்ணிக்காக உடைக்கல. குழிக்காக உடைச்சேன். கால் நனைஞ்சுது."

சைலஸின் மேட்டில் ஓர் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது. கெசியா அதைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள். மூன்று நாளாக அவள் கேட்க வந்தது அதுதான், ஆனால் இந்த உருவத்தில் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"தண்ணி வந்தப்ப அவன் செத்திருந்தானா?"

கீலி ஒரு பிடி மண்ணை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டான்.

"அசையலன்னுதான் பாத்தேன். நெஞ்சுல காது வச்சுப் பாக்கல. தண்ணி வந்ததும் நான்... நான் முதல்ல குடிச்சேன் மிஸஸ். எவ்வளவு நேரம்னு தெரியல. வயிறு வலிக்கிற வரைக்கும் குடிச்சேன். அப்புறந்தான் அவன் ஞாபகம் வந்துச்சு. தொப்பியில அள்ளிட்டு ஓடி வாயில ஊத்துனேன். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குன மாதிரி இருந்துச்சு. தண்ணி வழிஞ்ச அசைவா, அவன் விழுங்குனதான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல."

கெசியாவின் மோவாயில் இன்னும் ஈரம் இருந்தது. ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்தாள். துடைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இவன் சொல்வது உண்மைதானா? மண் பாதிக்குச் சாட்சி சொன்னது. மீதிப் பாதிக்கு இவன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

அன்று முழுக்க மூன்று பேரும் கல் சுமந்தார்கள். மேட்டைத் திறந்து சைலஸைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மேலே மேலே அடுக்கினார்கள். பூட்ஸோடுதான் புதைத்திருக்கிறான் என்பது கல்லிடுக்கில் ஓரிடத்தில் தெரிந்தது. அதை மூடினாள். அவளுக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னாள். குல்ஷேர் தள்ளி நின்று, உள்ளங்கைகளை விரித்துத் தன் வழக்கப்படி ஓதினான்.

"இந்த மண்ணோட பூர்வீகக்காரங்களுக்கு இந்த ஊத்து தெரிஞ்சிருக்கும் பீபீ," என்றான் பிறகு. "அந்தக் கல்லுல அவங்க மாவு அரைச்ச குழி இருக்கு பாருங்க. ஆனா நம்ம ஆளுங்க அவங்களைச் சங்கிலியில கட்டி வச்சுத் தண்ணி எங்கன்னு கேட்டா, எவன் சொல்லுவான்?"

கிளம்பும் முன் கெசியா அந்தக் கத்தியைக் கீலியிடம் கொடுத்தாள். வழியோரத்து மரத்தில் பட்டையைச் சீவி, குழி இருக்கும் திசைக்கு அம்புக்குறி போட்டு, 'தண்ணீர்' என்று வெட்டச் சொன்னாள். அவன் வெட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

*

முப்பத்திரண்டாம் மைலில் இறங்கிய மறுநாள் காலை வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் தேவைப்படாதவர்களும் பையோடு வந்திருந்தார்கள். கீலி கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவன் ஒரு முழம் தள்ளியே நின்றான். ஏனாக் விறகை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரிபிள் தன் பங்கை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"தாயீ, ஊரே காத்துக்கிட்டு இருக்கு. என்னதான் பாத்த அங்க?"

"என் தம்பியைப் பாத்தேன்."

"அது சரி. இவன் பண்ணுனானா இல்லையா?"

கெசியா ஒவ்வொரு பையாக நிரப்பி அனுப்பினாள். கடைசியில் கீலி வந்தான். பையை நீட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீட்டு," என்றாள்.

நீட்டினான். அவள் திருகைத் திறந்தாள். எண்பது பேருக்கும் எப்படி ஊற்றுவாளோ அப்படியே, பையிலிருந்த அளவுக் கோடு தொடும்வரை ஊற்றினாள். ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊற்றி முடிக்கும்வரை அவன் முகத்தை ஒருமுறைகூட அவள் பார்க்கவில்லை.

"அப்ப இவன் மேல குத்தம் இல்லேங்கிற," என்றான் கிரிபிள்.

"அப்படி நான் சொல்லல. எனக்குத் தெரியாது. சாகிற வரைக்கும் தெரியப்போறதும் இல்ல."

"பின்ன எதுக்குத் தாயீ ஊத்துன?"

கெசியா திருகை இறுக்கி மூடினாள். கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"நானும் அங்க போய் முதல்ல தண்ணியைத்தான் குடிச்சேன்," என்றாள். "அப்புறந்தான் என் தம்பியைப் பாத்தேன்."

சொல்லிவிட்டு அடுப்புக்கு விறகு எடுக்கப் போனாள்.